அடக்கி வாசித்தல்

வூச் நகரத்தில்
முன்பு பஞ்சாலையாய் இருந்த கட்டடம், மூன்றாம் தளம்.
இகா மற்ற தடங்களை ஒவ்வொன்றாய் அணைத்தாள்.
டிரம்ஸ் போயிற்று. போகுமிவின் குரல் போயிற்று.
மிஞ்சியது என் பேஸ் கிட்டார்,
அம்மணமாக.

ஒலிபெருக்கியில் கேட்டது
கரண்டிகள் நிறைந்த இழுப்பறையை
யாரோ தாளம் தப்பாமல் திறந்து மூடும் சத்தம்.
ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு நகம்,
பின்னால் ஒரு முனகல்.
நான் தொடாத கம்பியும்
பக்கத்தில் உட்கார்ந்து வம்பு பேசிக்கொண்டிருந்தது.

"பகலில் என்ன வேலை?" என்றாள் இகா.
"லிஃப்ட் பழுதுபார்க்கிறேன்."
"அப்படியானால் உனக்கே தெரியும்" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

தெரியும்தான்.
கூண்டு ஏறும்போது வரும் சத்தத்தில்
எது எடை, எது தேய்மானம் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
ஊரார் கம்பிக்கு இருந்த காது
என் கம்பிக்கு எங்கே போனது?

ஜனவரி. ரெட்கினியா அடுக்ககம், எட்டாம் மாடி.
ஆம்ப் இல்லாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து
முதலில் நகம் வெட்டினேன்.

என் விரல் ஒரு கொக்கி என்பதை அன்றுதான் பார்த்தேன்.
தூண்டிலில் மீனைச் சுண்டுவதுபோல்
கம்பியை மேலே இழுத்து விடுகிறேன்;
அது திரும்பி வந்து ஃப்ரெட்டில் மோதி அலறுகிறது.
இழுக்காதே, தள்ளு.
கம்பியைக் கடந்துபோய்
அதற்கு மேலிருக்கும் தடித்த கம்பியின் தோளில்
விரல் சாயட்டும்.
சாய்ந்த இடத்தில் அதுவும் வாயடைக்கும்,
ஒரு வேலைக்கு இரண்டு கூலி.

கட்டைவிரலோ இத்தனை வருடமும்
பிக்கப்பின் விளிம்பைப் பிடித்தே நின்றிருக்கிறது,
கூட்ட நெரிசலில் டிராம் கம்பியை விடாதவள்போல.
பிரித்தெடுத்தேன்.
நான் மெல்லிய கம்பிக்கு இறங்கினால் நீயும் இறங்கு,
விட்டுவந்தவற்றின்மேல் படுத்துக்கொள்.
படுக்க மறுத்தது.
மூன்று வாரம்.

இடக்கை இன்னும் மோசம்.
சுரம் முடிந்ததும் துள்ளி ஓடுகிறது
மணியடித்த பள்ளிக்கூடமாய்.
அதற்காகத்தான் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்:
அழுத்தத்தை விடு, தொடுதலை விடாதே.
மீதமிருந்த புத்தகங்களை எடுக்க வந்த மிரெக்,
என் மாஜி கணவன்,
அதைப் படித்துவிட்டு
ரொம்ப நேரம் அங்கேயே நின்றான்.
பேஸ் பற்றியது, என்றேன்.

பிறகு பலம். பாதியாக்கினேன்.
அதிலும் பாதி.
சத்தம் போதாவிட்டால் திருக வேண்டியது குமிழை.
அடக்கி வாசிப்பதைப் பணிவு என்று நினைத்திருந்தேன்,
அது காவல் வேலை.
ஒரு கம்பி பேசி முடிக்கும்வரை
மூன்றின் வாசலில் நிற்பது.

மார்ச்சில் ஓர் இரவு
எட்டே சுரங்கள் சுத்தமாக வந்தன.
ஒரு சுரம், அப்புறம் ஒன்றுமில்லை,
ஒரு சுரம், அப்புறம் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்குள்
ஒரு கிறீச்.

நிறுத்தினேன்.
கையை மடியில் வைத்தேன்.
அப்போதும் கிறீச்.
சுவருக்கு அப்பால், கீழிருந்து மேலே
ஊர்ந்து போனது.

எங்கள் லிஃப்ட்.
உருளையில் பேரிங் தேய்ந்திருக்கிறது,
எத்தனை மாதமாகவோ.
என் இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு
ஏறி இறங்கியிருக்கிறது,
தினமும் அதில் நானும்.

கிட்டாரைக் கட்டிலில் கிடத்தினேன்.
இரவுடையின்மேல் கோட்டு,
தோளில் ஸ்பேனர் பை,
படிகளில் இறங்கினேன்.

விடிந்தபோது கதவில் என் கையெழுத்து: இயங்காது.
பத்தாம் மாடித் திருமதி க்வாபிஷ்
உருளைக்கிழங்குப் பையைத் தரையில் வைத்துவிட்டு
என் காதுபடவே சபித்தாள்,
ஒரு சொல்லையும் அடக்காமல்.